போட்டுக் கொடுத்தவர் கையில் சாவி

2017 ஜூலை கடைசி வாரத்தில் பிஎஸ்என்எல், எம்டிஎன்எல் பிராட்பேண்டு வைத்திருந்த பல வீடுகளில் திடீரென்று நெட் நின்றது. மோடத்தில் பவர் விளக்கு எரிந்தது. நெட் மட்டும் இல்லை. அணைத்துப் போட்டுப் பார்த்தார்கள், டெலிபோன் ஒயரைப் பிடுங்கிச் செருகிப் பார்த்தார்கள், பயனில்லை. லைனிலும் எக்ஸ்சேஞ்சிலும் கோளாறு இல்லை. இணையத்தின் வழியாகவே ஒரு நிரல் வந்து மோடத்துக்குள் புகுந்து, அதன் அமைப்புகளைக் குலைத்துவிட்டுப் போயிருந்தது. சுமார் 60,000 மோடம்கள் இப்படி முடங்கியதாக அப்போது செய்திகள் வந்தன. உள்ளே புக அந்த நிரல் பெரிய வித்தை எதையும் காட்டவில்லை. யூசர்நேம் ‘அட்மின்’, பாஸ்வேர்டும் ‘அட்மின்’. தொழிற்சாலையிலிருந்து பெட்டி வரும்போதே இருந்த பாஸ்வேர்டு அது. யாரும் மாற்றியிருக்கவில்லை.

எங்கள் மைய நெட்வொர்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை, வாடிக்கையாளர்கள் மோடத்தின் பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று பிஎஸ்என்எல் அறிவுறுத்தியது. சரியான அறிவுரைதான். ஆனால் மதுரையில் செல்லூரிலோ வில்லாபுரத்திலோ அந்த மோடத்தை வைத்திருந்த ஒருவருக்கு, மோடத்துக்கென்று தனியாக ஒரு பாஸ்வேர்டு இருப்பதே அன்றைக்குத்தான் தெரியவந்திருக்கும். லைன்மேன் வந்தார், ஒயரைச் செருகினார், லேப்டாப்பில் ஏதோ தட்டினார், “நெட் வந்திருச்சு, பாத்துக்கங்க சார்” என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். வீட்டுக்காரர் கையில் வைஃபை பாஸ்வேர்டு வந்து சேர்ந்தது. பெட்டியின் பாஸ்வேர்டு வரவில்லை.

நம் ஊரில் கணினிப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வீட்டுக்காரருக்குப் புத்தி சொல்கிறார்கள். அதைத் திறக்காதே, இதைத் தொடாதே. எனக்கென்னவோ விஷயம் அங்கே ஆரம்பிப்பதாகத் தெரியவில்லை. நெட்டைக் கேபிள்காரர் போட்டுக் கொடுக்கிறார். கணினியை அசெம்பிள் பண்ணுகிறவர் விண்டோஸ் போட்டுக் கொடுக்கிறார். கேமராவை எலக்ட்ரீஷியன் மாட்டிக் கொடுக்கிறார். மூன்று பேரும் அவரவருக்குச் சுலபமான வழியில் முடித்துக் கொடுத்ததுதான் அந்த வீட்டின் பாதுகாப்பு. அதற்குப் பிறகு வீட்டுக்காரர் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும், போட்டுக் கொடுத்தபோது திறந்து வைத்த வழி திறந்தே இருக்கிறது.

மோடத்தை முடக்கிய அந்த நிரலுக்கு ஆய்வாளர்கள் பிரிக்கர்பாட் என்று பெயர் வைத்திருந்தார்கள். பெட்டியின் நினைவகத்தில் கண்டதையும் எழுதி அதை வெறும் செங்கல்லாக்கிவிடுவது அதன் வேலை. ஜானிட்டர் என்று தன்னை அழைத்துக்கொண்ட ஒருவர், இந்திய மோடங்களில் நடந்தது தன் கைவரிசைதான் என்று ப்ளீப்பிங் கம்ப்யூட்டர் என்ற இணைய இதழிடம் உரிமை கொண்டாடினார். அவர் சொன்ன காரணம் விசித்திரமானது. பாதுகாப்பில்லாத பெட்டிகளை வேறு யாரோ பிடித்துப் படைதிரட்டுவதற்குள் நானே அவற்றைச் சாகடித்துவிடுகிறேன், இது இணையத்துக்குக் கொடுக்கும் கீமோதெரபி என்றார். 2017 டிசம்பரில் ‘ஓய்வு’ அறிவித்தபோது, ஒரு கோடிக்கும் மேற்பட்ட கருவிகளை முடக்கியதாகக் கணக்குச் சொன்னார். அந்தக் கணக்கை யாரும் சரிபார்க்க முடியாது. அடுத்தவர் வீட்டு மோடத்துக்கு வைத்தியம் பார்க்க இவரை யார் அழைத்தார்கள் என்ற கேள்வியும் அப்படியே நிற்கிறது.

ஆனால் அவர் சொன்ன பயம் பொய்யில்லை. அதற்கு முந்தைய ஆண்டு மிராய் என்ற நிரல் வந்திருந்தது. கேமரா, டிவிஆர், ரவுட்டர் ஆகியவற்றில் தொழிற்சாலைகள் வழக்கமாக வைக்கும் யூசர்நேம், பாஸ்வேர்டு ஜோடிகள் சுமார் 60 அதனிடம் பட்டியலாக இருந்தன. இணையத்தில் முகவரி முகவரியாகப் போய் அந்தப் பட்டியலை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும். ஒன்று பலித்தால் உள்ளே. பிடிபட்ட பெட்டியும் அடுத்த நிமிடமே மற்ற பெட்டிகளைத் தேடக் கிளம்பிவிடும். இப்படித் திரண்ட கருவிகள் 2016 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவின் டைன் நிறுவனத்தின், இணையதளப் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வர்கள் மேல் ஒரே நேரத்தில் மொய்த்தன. ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் ரெடிட்டும் பல மணி நேரம் பலருக்குத் திறக்கவில்லை. மிராயை எழுதியவர்கள் எந்த நாட்டு உளவுத்துறையும் இல்லை. கல்லூரி வயதுப் பையன்கள் மூன்று பேர். மைன்கிராஃப்ட் விளையாட்டு சர்வர் நடத்தும் போட்டியாளர்களைக் கவிழ்ப்பதில் தொடங்கிய வேலை அது. 2017 டிசம்பரில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

“எங்க வீட்ல திருட என்னய்யா இருக்கு?” என்று கேட்பவருக்கு மிராயைவிட நல்ல பதில் கிடையாது. உங்கள் போட்டோவோ வங்கிக் கணக்கோ அதற்கு வேண்டாம். அந்தப் பெட்டியும் அதில் ஓடும் இணைய இணைப்பும் போதும். உங்களை யாரும் பெயர் சொல்லித் தேடி வருவதும் இல்லை. ஐபிவி4 முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான். 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவான இசட்மேப் என்ற ஆய்வுக் கருவி, ஒரே ஒரு கணினியையும் நொடிக்கு ஒரு கிகாபிட் இணைப்பையும் வைத்துக்கொண்டு அத்தனை முகவரிகளையும் 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிட்டது. மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினால் மேலூரில் இறங்கும் நேரம். அதற்குள் உலகத்தில் எந்த மோடம் பதில் சொல்கிறது, எது சொல்லவில்லை என்று தெரிந்துவிடுகிறது.

ஒரு முகவரியில் தட்டிப் பார்ப்பது என்றால், குறிப்பிட்ட எண்ணுள்ள போர்ட்டுக்கு ஒரு சிறு பொட்டலம் அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்ப்பது. பிஎஸ்என்எல் விவகாரத்தில் பேசப்பட்ட போர்ட் 7547. நிறுவனம் தன் அலுவலகத்தில் இருந்தபடியே வாடிக்கையாளர் வீட்டு மோடத்தைச் சரிசெய்வதற்கென்று ஏற்பட்ட வழி அது. நிறுவனத்தின் சர்வருக்கு மட்டும் திறக்க வேண்டிய அந்த வழி உலகத்துக்கே திறந்து கிடந்தது என்று ஜானிட்டர் சொன்னார். இது இந்தியாவுக்கு மட்டும் உள்ள நோய் என்று நினைக்க வேண்டாம். அதே போர்ட்டைக் குறிவைத்து மிராயின் ஒரு வடிவம் 2016 நவம்பரில் ஜெர்மனியில் டாய்ச்சி டெலிகாம் வாடிக்கையாளர்களின் சுமார் 9 லட்சம் ரவுட்டர்களைத் தடுமாற வைத்தது.

இப்போது மதுரையில் செம்புக் கம்பி குறைந்து எல்லாம் ஃபைபர் ஆகிவிட்டது. பிஎஸ்என்எல் ஃபைபரையே பல இடங்களில் உள்ளூர் கேபிள் ஆபரேட்டர்கள்தான் வீடு வரை இழுத்துக் கொடுக்கிறார்கள். ஃபைபருக்கான மோடமாகச் சுவரில் தொங்கும் ஓஎன்டி பெட்டிகள் பலவற்றில் இரண்டு கணக்குகள் உண்டு. ஒன்று வீட்டுக்காரருக்கான சாதாரணக் கணக்கு, இன்னொன்று எல்லா அதிகாரமும் உள்ள கணக்கு. வைஃபை பெயரை மாற்ற முதலாவது போதும். வெளியிலிருந்து பெட்டிக்குள் நுழையும் வழியை மூட இரண்டாவது வேண்டும். அது அனேகமாகக் கேபிள்காரர் தலைக்குள்ளேயே இருக்கும். ஒரு ஏரியா முழுக்க எல்லா வீட்டுக்கும் ஒன்றாகவும் இருக்கும். நூறு வீட்டுக்கு நூறு பாஸ்வேர்டு வைத்தால் அவர் நினைவில் வைப்பது எப்படி? அவர் கஷ்டமும் நியாயம்தான்.

ஆனாலும் கேட்கலாம். “தம்பி, இந்தப் பெட்டியோட அட்மின் பாஸ்வேர்டை நம்ம வீட்டுக்கு மட்டும் வேற மாதிரி மாத்தி, ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துருங்க.” எழுதிய பேப்பரை மோடத்தின் முதுகிலேயே ஒட்டிவைத்தாலும் எனக்குச் சம்மதம். வீட்டுக்குள் வந்து பேப்பரைப் படிக்கும் திருடனைவிட, வேற்றுக் கண்டத்திலிருந்து ‘அட்மின் அட்மின்’ போட்டுப் பார்க்கும் நிரல்தான் தினமும் வருகிறது. அவர் பெட்டியைத் திறந்திருக்கும்போதே இன்னும் மூன்றைச் செய்யச் சொல்லிவிட வேண்டும்: வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியை, அதாவது ரிமோட் மேனேஜ்மென்ட்டை, அணைப்பது, பாஸ்வேர்டு தட்டாமல் பட்டனை அழுத்தி வைஃபையில் சேர்க்கும் டபிள்யூபிஎஸ்ஸை அணைப்பது, யுபிஎன்பியை அணைப்பது.

கடைசியில் சொன்னதற்கு விளக்கம் வேண்டும். ரவுட்டர் இயல்பிலேயே ஒரு மதில் மாதிரி வேலை செய்கிறது. உள்ளே இருக்கும் போனோ லேப்டாப்போ முதலில் வெளியே பேசினால்தான் அதற்கான பதிலை உள்ளே விடும். வெளியாள் தானாக வந்து பேச முடியாது. மதுரைக்கும் அப்படி ஒரு மதில் இருந்தது. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் அதை இடித்து அகழியைத் தூர்த்தார். அந்த வேலையை நடத்திய மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும் இன்றைக்கும் தெருப் பெயர்களாக இருக்கிறார்கள். யுபிஎன்பி என்பது, மதிலை இடிக்காமலே, உள்ளே குடியிருக்கும் யார் வேண்டுமானாலும் காவலரிடம் சொல்லாமல் தனக்கென்று ஒரு திட்டிவாசல் வெட்டிக்கொள்ளலாம் என்ற அனுமதி. விளையாட்டுக் கருவி போன்றவற்றுக்குக் கைகொடுக்கும் வசதி அது. மலிவான கேமராவும் அதைப் பயன்படுத்திக்கொள்கிறது, உள்ளே நுழைந்துவிட்ட வைரஸும் பயன்படுத்திக்கொள்கிறது.

கேமரா என்றதும் வேறொன்று. கே.கே. நகர், அண்ணா நகர் பக்கம் வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீடுகளில் இப்போது வாசலில் ஒன்று, கூடத்தில் ஒன்று என்று கேமரா இல்லாத வீடு குறைவு. சிங்கப்பூரிலோ டல்லாஸிலோ இருக்கும் பிள்ளை போனில் பார்க்க வேண்டும். மாட்டிக் கொடுப்பவர் அதற்காகவே ரவுட்டரில் ஒரு போர்ட்டைத் திறந்து நேராக டிவிஆருக்குத் திருப்பிவிடுகிறார். பிள்ளை பார்க்கிறான். பாஸ்வேர்டு பழையதாகவே இருந்தால் பிள்ளை மட்டும் பார்க்கவில்லை. 2025 பிப்ரவரியில் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராக் காட்சிகள் யூடியூபிலும் டெலிகிராமிலும் வெளிவந்து நாடே அதிர்ந்தது. அங்கே இருந்த பாஸ்வேர்டு ‘அட்மின்123’ என்று விசாரணையில் வெளிவந்தது. பாதுகாப்புச் சோதனையில் தேறாத சிசிடிவி கேமராக்களை இந்தியாவில் விற்கக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஏற்கெனவே சுவரில் இருப்பவற்றுக்கு அந்த விதி எதுவும் செய்யாது. கூடத்திலும் படுக்கையறையிலும் கேமரா வேண்டுமா என்பதை முதலில் யோசிக்கலாம் என்பது என் கட்சி.

வைஃபை பாஸ்வேர்டுக்கு வருவோம். போட்டுக் கொடுப்பவர் கேட்பார்: “பாஸ்வேர்டு என்ன சார் வைக்க? உங்க போன் நம்பரே வச்சிரவா?” மறக்காது என்று நாமும் தலையாட்டுவோம். கொஞ்சம் கணக்குப் போடலாம். இந்திய மொபைல் எண்ணுக்குப் பத்து இலக்கம். முதல் இலக்கம் 6, 7, 8, 9 ஆகிய நான்கில் ஒன்று. மொத்தம் 400 கோடி வாய்ப்புகள். பெரிய எண் மாதிரித் தெரிகிறது. வீட்டு போன் ஒன்று வைஃபையில் சேரும்போது போனுக்கும் ரவுட்டருக்கும் நடக்கும் கைகுலுக்கலை, தெருவில் வண்டியை நிறுத்திக்கொண்டு ஒருவர் பிடித்துக்கொண்டு போய்விட முடியும். அதில் பாஸ்வேர்டு நேராக இருக்காது. ஆனால் ஒரு பாஸ்வேர்டை ஊகித்து, அது சரியா தப்பா என்று பார்க்கத் தேவையானது இருக்கும். டபிள்யூபிஏ2 முறையில் ஒவ்வொரு ஊகத்தையும் 4,096 சுற்று கணக்கிட்டாக வேண்டும். வேகத்தைக் குறைக்கத்தான் அப்படி வைத்தார்கள். அப்படியும், விளையாட்டுப் பிரியர்கள் வைத்திருக்கும் நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்று நொடிக்குப் பத்து லட்சம் ஊகங்களைத் தாண்டிவிடும். 400 கோடியைப் பத்து லட்சத்தால் வகுத்தால் 4,000 நொடி. ஒரு மணி ஏழு நிமிடம். பிடித்துக்கொண்டு போனவர் வீட்டில் உட்கார்ந்து, உங்கள் ரவுட்டருக்குத் தெரியாமலே இதைச் செய்கிறார்.

இப்போது வேறு மாதிரி. சம்பந்தமே இல்லாத தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் அடுக்குங்கள். 2,000 சொற்களிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு நான்கை எடுத்தால், அத்தனை சேர்க்கைகளையும் போட்டுப் பார்க்க அதே கார்டுக்கு ஆறு மாதம் ஆகும். ஐந்தாவதாக ஒரு சொல்லைச் சேர்த்தால் ஆயிரம் வருடம். முருங்கை, தவில், ரசீது, கூரை, ஏப்பம். விருந்தாளிக்குச் சொல்லும்போது சிரிப்பும் வரும். நிபந்தனை ஒன்றுதான்: சொற்களைக் குலுக்கி எடுக்க வேண்டும், குலசாமி பெயர், மகள் பெயர், பிறந்த வருடம் என்று நாமாக யோசித்து வைத்தால் கணக்குக் கவிழ்ந்துவிடும்.

வைஃபையைப் பக்கத்து வீட்டார் பயன்படுத்தினால் என்ன குறைந்துவிடும் என்று தாராளமாக இருப்பவர்கள் 2008ஐ நினைத்துக்கொள்ளலாம். அந்த ஆண்டு ஜூலை 26 அன்று ஆமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன் ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. போலீஸ் ஐபி முகவரியைப் பிடித்துக்கொண்டு போய் நின்றது நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டில். பூட்டாத அவருடைய வைஃபையை யாரோ பயன்படுத்தியிருந்தார்கள்.

இனி அசெம்பிள்காரர். சிபியு வாங்கினாலும் பழைய லேப்டாப்பைச் சரிபண்ணினாலும் ‘ஓஎஸ் போடுவது’ தனி வேலை. அதில் வரும் விண்டோஸ் பெரும்பாலும் கிராக். காசு கொடுத்து வாங்கியதல்ல என்பதை மைக்ரோசாஃப்ட் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக அப்டேட்டை அணைத்துவிடுகிறார். கிராக் ஓட வேண்டும் என்பதற்காக, விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரையும் அணைத்துவிடுகிறார். “ஆன்ட்டிவைரஸ் வேணாம் சார், சிஸ்டம் ஸ்லோ ஆயிரும்.” இந்த இரண்டு அணைப்பும் சேர்ந்து என்ன செய்யும் என்பதற்கு 2017 மே 12 சாட்சி. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை ரகசியமாக வைத்திருந்து வெளியே கசிந்த ஒரு விண்டோஸ் ஓட்டையைப் பயன்படுத்தி, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வானாகிரை என்ற பணயத் தீநிரல் பரவியது. 150 நாடுகள், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள். ஆந்திரப் போலீஸ் கணினிகள் சிக்கின; சென்னையை அடுத்த ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலையும் சிக்கியது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14ஆம் தேதியே கொடுத்துவிட்டிருந்தது. இடையில் இரண்டு மாதம் இருந்தது.

வானாகிரை ஓய்ந்துவிட்டது. வீடுகளையும் சிறு கடைகளையும் அதைவிட அதிகமாக அழவைத்தது ஸ்டாப் அல்லது டிஜாவூ என்று அழைக்கப்படும் பணயத் தீநிரல். அது எந்த ஓட்டை வழியாகவும் வருவதில்லை. கிராக்கோடு, நாமே கூப்பிட்டு வருகிறது. கல்யாண போட்டோ எடுக்கும் ஒரு ஸ்டுடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆல்பம் டிசைனுக்கு ஒரு மென்பொருள் வேண்டும். அதைக் காசில்லாமல் திறக்க, போலி உரிம எண் தரும் கீஜென் ஒன்றை இறக்கி ஓடவிடுகிறார்கள். திரையில் விண்டோஸ் அப்டேட் ஆகிறது என்று ஒரு சதவீதக் கணக்கு ஓடுகிறது. அது பொய்த் திரை. நிஜ அப்டேட்டை அணைத்து வைத்த கணினியில் போலி அப்டேட் ஓடுவதைப் பார்த்தும் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. அது முடிவதற்குள் எல்லாக் கோப்புகளின் பெயருக்குப் பின்னாலும் ஒரு புது வால் முளைத்திருக்கிறது. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ‘ரீட்மீ’ கடிதம். 980 டாலர் கட்டு, 72 மணி நேரத்துக்குள் பேசினால் பாதி விலை.

இங்கேதான் பதறாமல் பார்க்க வேண்டிய இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. முதலாவது, இந்தத் தீநிரல் அவசரக்காரன். கோப்பு முழுவதையும் பூட்டினால் நேரமாகும், அதற்குள் ஆள் விழித்துக்கொள்வார். அதனால் ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கிலோபைட்டை மட்டும் பூட்டிவிட்டு அடுத்ததற்கு ஓடுகிறது. நான்கு கிகாபைட் கல்யாண வீடியோவில் அது இருபத்தாறாயிரத்தில் ஒரு பங்கு. எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைப் பல கேமராக்கள் கோப்பின் கடைசியில்தான் எழுதுகின்றன. அது தப்பித்துக் கிடக்கும். அதே கேமராவில் எடுத்த நல்ல கோப்பு ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால், ஆரம்பத்துச் சில நொடிகளை இழந்து மீதி வீடியோவை மீட்டுத் தரும் கருவிகள் இலவசமாகவே உண்டு. ஜேபெக் படங்களுக்கு இந்த அதிர்ஷ்டம் குறைவு. சின்னக் கோப்பு, தலைப்பகுதியே போய்விடும்.

இரண்டாவது, பூட்டும் சாவி. பூட்டுவதற்கு முன் அது தன் எஜமானனின் சர்வரைத் தொடர்புகொண்டு அந்தக் கணினிக்கென்று தனிச் சாவி வாங்குகிறது. சர்வர் கிடைக்காவிட்டால் தன்னிடமே இருக்கும் பொதுச் சாவியைப் போட்டுப் பூட்டுகிறது. கடிதத்தில் இருக்கும் அடையாள எண் ‘டி1’ என்று முடிந்தால் பொதுச் சாவி என்று பொருள். அந்தச் சாவி பிறகு ஆய்வாளர்கள் கைக்குக் கிடைத்தால், எம்சிசாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட இலவசக் கருவி கோப்புகளைத் திறந்து தரும். ஆகவே டிஸ்க்கை உடனே ஃபார்மட் செய்யச் சொல்லும் கடைக்காரரை நிறுத்திவைத்து, அந்த டிஸ்க்கைக் கழற்றிப் பீரோவில் வைப்பதே புத்திசாலித்தனம். இந்த நிரல் தனியாக வருவதும் இல்லை. பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளைத் திருடும் கூட்டாளியையும் பலமுறை கூட்டி வருகிறது. மெயில், வங்கி பாஸ்வேர்டுகளை வேறொரு சுத்தமான கருவியிலிருந்து மாற்ற வேண்டும்.

இவ்வளவு மல்லுக்கட்டும் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் இருந்தால் தேவையில்லை. வேலை முடிந்ததும் அதைக் கழற்றிவிட வேண்டும் என்பதுதான் முக்கியம். செருகியே கிடந்தால் அதுவும் சேர்ந்து பூட்டப்படும். முடிந்தால் இன்னொரு பிரதி மாமியார் வீட்டில்.

பென்டிரைவ் கதை கொஞ்சம் பழையது, ஆனால் செத்துப்போகவில்லை. கலெக்டர் ஆபீஸ் பக்கமோ பல்கலைக்கழகத்துக்கு எதிரிலோ இருக்கும் ஒரு ஜெராக்ஸ் கடையில் நாளெல்லாம் பல பென்டிரைவ்கள் ஒரே கணினியில் ஏறி இறங்குகின்றன. ஷார்ட்கட் வைரஸ் அங்கே வாழப் பிறந்தது. பென்டிரைவ் செருகப்பட்டதும் உள்ளே இருக்கும் ‘ப்ராஜெக்ட்’ ஃபோல்டரை மறைத்துவிட்டு, அதே பெயரில், அதே ஃபோல்டர் படத்தோடு ஒரு ஷார்ட்கட்டை வைத்துவிடும். கூர்ந்து பார்த்தால் படத்தின் இடது மூலையில் சின்ன வளைந்த அம்புக்குறி இருக்கும். மாணவர் வீட்டில் அதைத் திறக்கிறார். ஷார்ட்கட் முதலில் வைரஸை ஓடவிட்டு, பிறகு மறைத்துவைத்த உண்மையான ஃபோல்டரையே திறந்து காட்டுகிறது. எல்லாம் சரியாக இருப்பதால் யாரும் எதையும் கவனிப்பதில்லை. அம்புக்குறியைக் கண்டால் அதைத் தொடாமல், மறைந்த கோப்புகளைக் காட்டும் அமைப்பை இயக்கி, உண்மையான கோப்புகளை மட்டும் நகலெடுத்துக்கொண்டு பென்டிரைவை ஃபார்மட் செய்துவிடலாம். இப்போது கடைகளில் “வாட்ஸ்அப்ல அனுப்புங்க” என்கிறார்கள். வைரஸைத் தவிர்க்க அது நல்ல மாற்று. நீங்கள் அனுப்பிய ஆதாரும் பாஸ்புக்கும் அந்தக் கடையின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் எத்தனை மாதம் கிடக்கும் என்பது வேறு கவலை. கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் ஆதார் பிரதியை எடுத்துவைத்துக்கொள்வது நல்லது.

இதெல்லாம் வீட்டுச் சமாச்சாரம், பெரிய இடங்களில் நடக்காது என்று நினைப்பவர்களுக்குத் தெற்கே கூடங்குளம் இருக்கிறது. 2019 அக்டோபர் 28 அன்று, அணுமின் நிலையத்தின் நெட்வொர்க்கில் ஊடுருவல் நடந்திருப்பதாக ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் ட்விட்டரில் எழுதினார். மறுநாள் நிலையம் மறுத்தது. அதற்கும் மறுநாள், அக்டோபர் 30 அன்று, தீநிரல் இருந்தது உண்மைதான் என்று இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 4ஆம் தேதியே, மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சிஇஆர்டி-இன் தகவல் கொடுத்திருந்தது. டிட்ராக் என்ற அந்த நிரல் கீபோர்டில் தட்டுவதையும் கோப்புப் பட்டியலையும் சேகரிக்கும் வகை. அது இருந்தது நிர்வாக வேலைக்காக இணையத்தில் இணைந்திருந்த ஒரு பயனரின் கணினியில். உலையை இயக்கும் அமைப்புகள் வேறாகத் தனித்து இருந்ததால் பாதிக்கவில்லை என்று கழகம் சொன்னது. மறைத்துப் பிறகு ஒப்புக்கொண்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. பிரித்து வைத்த விதம் பிடித்திருக்கிறது. அதன் சின்ன வடிவத்தை வீட்டில் செய்யக் காசு செலவில்லை. பெரும்பாலான ரவுட்டர்களில் ‘கெஸ்ட் நெட்வொர்க்’ என்று ஒன்று இருக்கிறது. கேமரா, டிவி, விருந்தாளி போன் எல்லாம் அதில். வங்கி வேலை பார்க்கும் லேப்டாப்பும் போனும் இன்னொன்றில். கேமரா கெட்டுப்போனாலும் லேப்டாப்பை எட்டிப் பார்க்க முடியாது.

போனைப் பற்றித் தனியாக ஓர் அத்தியாயமே எழுத வேண்டும். இங்கே ஒன்றை மட்டும். கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதச் சலான், பிஎம் கிசான் பணம் என்று வாட்ஸ்அப்பில் வரும் கோப்பின் பெயர் ‘ஏபிகே’ என்று முடிந்தால் அது படமோ பிடிஎஃப்போ இல்லை, செயலி. பத்திரிகைக்கு எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி எதற்கு? ஓடிபிக்கு. தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்ததே என்று சமாதானம் ஆக முடியாது; அவர் போன் ஏற்கெனவே மாட்டியிருப்பதால்தான் வந்திருக்கிறது. காதணி விழா முதல் புதுமனை புகுவிழா வரை எல்லாவற்றுக்கும் பத்திரிகை பறக்கும் மதுரைப் பக்கத்தில் இந்தத் தூண்டிலுக்கு மீன் பஞ்சம் இல்லை. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழைக்க வேண்டும். வாங்கியவர் கணக்கிலிருந்து பணம் வெளியேறுவதற்குள் முடக்க வேண்டும் என்பதால் நேரம்தான் எல்லாமே.

கணினியில் ஏற்கெனவே ஏதோ இருக்கிறது என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு அரசு இடம் இருக்கிறது; பலருக்குத் தெரியாது. சிஇஆர்டி-இன் நடத்தும் சைபர் ஸ்வச்சதா கேந்திரா. 2017 பிப்ரவரி 21இல் தொடங்கியது, அதாவது நம் மோடங்கள் விழுவதற்கு ஐந்து மாதம் முன்பு. அதன் இணையதளத்தில் வைரஸ் நீக்கும் கருவிகள் இலவசம். கண்ட பென்டிரைவும் ஏறாமல் தடுக்கும் யுஎஸ்பி பிரதிரோத் என்ற கருவியும் அங்கே உண்டு. ஜெராக்ஸ் கடைக்காரர்களுக்குச் சொல்லிக் கொடுக்கலாம்.

மிச்சம் இருப்பது பழைய லேப்டாப்புகள். 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா லேப்டாப் திட்டத்தில் உசிலம்பட்டி, பேரையூர், மேலூர் பக்கம் பல வீடுகளுக்கு முதல் கணினி வந்தது. பையன் படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டான். லேப்டாப் தங்கைக்கு, பிறகு அப்பாவுக்கு. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14இல் பாதுகாப்பு அப்டேட் நின்றது. விண்டோஸ் 10க்கான வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14இல் நின்றது. விண்டோஸ் 11 ஏறாத லேப்டாப்புகள் செகண்ட்ஹேண்டில் இப்போது சல்லிசாகக் கிடைக்கின்றன; வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அவற்றில் லினக்ஸ் போட்டால் இன்னும் பல ஆண்டுகளுக்கு இலவசமாகவே அப்டேட் வரும். கிராக்கும் வேண்டாம், கிராக்கோடு வரும் டிஜாவூவும் வேண்டாம். பிரவுசர், தமிழ் டைப்பிங், பிள்ளையின் ஆன்லைன் வகுப்பு எல்லாம் அதில் ஓடும். விலையில்லா லேப்டாப்பிலேயே விண்டோஸோடு லினக்ஸும் சேர்ந்துதான் வந்தது. திறந்து பார்த்தவர்கள் குறைவு. கடைக்காரரிடம் லினக்ஸ் போடச் சொன்னால் அவர் முதலில் ஒரு மாதிரிப் பார்ப்பார், “அதுல போட்டோஷாப் ஓடாது சார்” என்பார். வீட்டில் யாரும் போட்டோஷாப் பயன்படுத்துவதில்லை என்று சொல்லிவிட்டு, ஓஎஸ் போடும் கூலியைக் குறைக்காமல் கொடுத்துவிடுங்கள். போடும்போது கேட்கும் பாஸ்வேர்டை மட்டும் நீங்களே தட்டுங்கள்.